ஏட்டையா வீட்டு வெளிச்சம்

மூன்றாவது கோட்டுப் பெயின்டும் காயவில்லை.

இசக்கியப்பன் ஆட்காட்டி விரலால் சுவரைத் தொட்டார். விரல் வெள்ளையானது. நடுவிரலால் இன்னொரு இடத்தைத் தொட்டார். அதுவும் வெள்ளை. இப்படியே பத்து விரலும் வெள்ளையான பிறகு, ஹாலின் நடுவில் ஸ்டூல் போட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்த ஹபீபுல்லாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன பாய், நேத்து அடிச்சது இன்னும் பிசுபிசுங்குது?"

"அதான் எனக்கும் வெளங்கல ஏட்டையா. துபாயில ஒரு கோட்டு அடிச்சுட்டு சாயா குடிக்கப் போனம்னு வைங்க, திரும்பி வாரதுக்குள்ள காஞ்சு கருவாடாயிரும்."

"இது துபாய் இல்ல, குத்தாலம். வெளிய எட்டிப் பாரும், சாரல் எப்பிடி விழுதுன்னு."

ஹபீபுல்லா எட்டிப் பார்த்தார். "விழத்தான் செய்யுது" என்று ஒப்புக்கொண்டு, மிச்சச் சாயாவைக் குடித்தார்.

ஹபீபுல்லா கடையநல்லூர்க்காரர். வளைகுடாவில் பல வருஷம் பெயின்ட் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். எந்தப் பேச்சை எடுத்தாலும் அதை ஒரு ஷேக் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தாமல் விடமாட்டார். இசக்கியப்பனோ மெயின் அருவிக்கரையில் விசில் ஊதியே சர்வீஸை முடித்து, போன மாதம் ஓய்வுபெற்ற ஏட்டு. தண்ணீர் கூடினால் ஆயிரம் பேரை ஒரே விசிலில் அருவியிலிருந்து வெளியே கொண்டுவந்து நிறுத்திய மனிதர். அப்பேர்ப்பட்டவரால் ஒரு சுவரைக் காயவைக்க முடியவில்லை.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி வள்ளித்தாய் எட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம அவிய வந்து நிக்கும்போது இப்பிடியே பத்து வெரலையும் நீட்டிக்கிட்டு நில்லுங்க. ஹாலு வெளிச்சமா இருக்கும்."

இசக்கியப்பன் விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டார். மனைவி சொல்வதில் நியாயம் இருந்தால் வாயைத் திறக்காமல் இருப்பது அவர் வழக்கம். அதனாலேயே அந்த வீட்டில் அவர் குரல் அதிகம் கேட்காது.

'அவிய' என்று அவள் சொன்னது கடையத்துச் சம்பந்தியம்மாள் ஆனந்தவள்ளியை. ஒரே மகள் ஸ்வாதிக்கு இது ஏழாவது மாதம். மாப்பிள்ளையோடு பெங்களூரில் இருக்கிறாள். வளைகாப்பு முடிந்த கையோடு தாய்வீட்டுக்கு வந்துவிட வேண்டும், தலைப்பிரசவம் இங்கேதான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பங்குனியில் ஆனந்தவள்ளி ஒருமுறை வந்து போனதிலிருந்து அதற்கு ஒரு முட்டுக்கட்டை விழுந்திருந்தது.

அன்றைக்கு அந்த அம்மாள் ஹாலுக்குள் வந்ததும் முதல் காரியமாக டீப்பாயில் முழங்காலை இடித்துக்கொண்டார். "இத்துனூண்டு எடத்துல இத வேற போட்டிருக்கியளா?" என்றார். உட்கார்ந்ததும், "லைட்டப் போடக் கூடாதா மதினி?" என்று வள்ளித்தாயைக் கேட்டார். டியூப்லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. வள்ளித்தாய் அதைச் சொன்னபோது, "இதுக்குப் பேரு வெளிச்சமா?" என்று சிரித்தார். காப்பி டம்ளரை ஸ்டூலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் அந்தரத்தில் வைத்தார். சேலையெல்லாம் காப்பி. அதற்கும் ஸ்டூல்தான் பழியேற்றது. சுவரில் மாலை போட்டுத் தொங்கிய இசக்கியப்பனின் அப்பா படத்தைக் காட்டி, "அது என்ன சாமி?" என்று வேறு கேட்டுவைத்தார்.

இசக்கியப்பனின் அப்பா உயிரோடு இருந்தவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று ஆனந்தவள்ளி தீர்ப்பை வாசித்தார். "தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி. வீடு குகை கணக்கா இருக்கு. நெறமாசப் புள்ள இதுக்குள்ள நடமாடி எங்கயாவது தட்டி விழுந்தா என்னத்தச் செய்ய? பச்சப்புள்ளைக்கும் வெளிச்சம் வேணும்லா. பேசாம பிரசவத்த எங்க வீட்டுலயே வச்சுக்கிடுவோம்."

கூடவே நின்ற அவர் கணவர் பாண்டிராஜ், "ம்" என்றார். ராணுவத்திலிருந்து திரும்பிய மனிதர். கல்யாணப் பேச்சு மொத்தத்தையும் அந்த ஒரு 'ம்'மிலேயே முடித்தவர். அதற்குமேல் அவர் பேசி இந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதில்லை.

ஆனந்தவள்ளி சொன்னதில் பொய்யும் இல்லை. வீடு கட்டியபோது மேற்கே தென்னந்தோப்பு இருந்தது. காற்றும் வெளிச்சமும் ஜன்னல் வழியாகக் கேட்காமலே வந்தன. பிறகு தோப்புப் போய் லாட்ஜ் வந்தது. நான்கு மாடி. அன்றிலிருந்து அந்தப் பத்துக்குப் பத்து ஹாலில் நண்பகலிலும் லைட் போட்டால்தான் பேப்பர் படிக்க முடியும்.

இத்தனை வருஷம் இசக்கியப்பனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. ஸ்வாதி பிறந்தது ஒரு ஆனி மாதத்தில். சீசன் உச்சத்தில் இருந்தது. இவருக்கு அருவிக்கரையில் டியூட்டி. லீவு கிடைக்கவில்லை. கூட்டம் வடிந்த பிறகுதான் போய்ப் பிள்ளை முகத்தைப் பார்த்தார். பேரப்பிள்ளையையாவது முதல் நாளிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை. ஓய்வுபெறும் நாளை அதற்காகவே எதிர்பார்த்திருந்தார். அந்த நேரத்தில் கடையத்துக்கு விருந்தாளியாகப் போய், ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையைத் தூக்கலாமா என்று சம்பந்தியம்மாளிடம் கேட்டுக்கொண்டிருக்க அவரால் ஆகாது.

ஸ்வாதிதான் ஒரு வழி பண்ணினாள். போனில் சொன்னாள்: "அப்பா, அத்தை ஞாயித்துக்கெழம வாராவ. இன்னொரு தடவ பாத்துட்டு முடிவு சொல்லுதேன்னிருக்காவ. ஹாலை எப்பிடியாவது கொஞ்சம் பெருசாக் காட்டுங்கப்பா. நான் வீடியோ அனுப்புதேன்."

அனுப்பினாள். எல்லா வீடியோவிலும் ஒரே பாட்டுத்தான். வெள்ளைப் பெயின்ட் அடி. பெரிய கண்ணாடி மாட்டு. சாமானைக் குறை. லைட்டைக் கூட்டு. எந்த வீடியோவிலும் சாரல் விழவில்லை.

"கங்கு போட்டா காஞ்சிரும் ஏட்டையா" என்றார் ஹபீபுல்லா.

"என்னது?"

"ஒரு இரும்புச் சட்டியில கரியப் போட்டு, பத்த வச்சு, நடுவுல வச்சு, கதவச் சாத்திருவோம். சூடு சுத்திச் சுத்தி வரும். துபாயில ஒருக்க மழ பேஞ்சப்பம் ஷேக்கு வீட்டுல ஏசிய ஹீட்டர்ல போட்டு இதத்தான் செஞ்சோம்."

"பொக வராதா?" என்று வள்ளித்தாய் அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"நல்ல கரியில பொகையே வராதும்மா."

நல்ல கரிதான் வாங்கினார்கள். ஆனால் அதுவும் சாரலில் நனைந்த கரி. கதவைச் சாத்திவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது சுவர் காய்ந்திருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே வெள்ளையாகவும் இருந்தது. இடுப்புக்கு மேலே அசல் இட்லிக்கடை அடுக்களை.

வள்ளித்தாய் வந்து பார்த்தாள்.

"முன்னால இருட்டா மட்டுந்தான் இருந்துச்சு" என்றாள்.

ஹபீபுல்லா அசரவில்லை. மேல் பாதிக்கு இன்னொரு கோட்டு அடித்தார். கரிச்சட்டியை மூலையில் தள்ளிவைத்தார். சுவர் மறுபடி வெள்ளையானது, மறுபடி ஈரமும் ஆனது. காயும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று அடுத்த யோசனைக்குப் போனார்கள். அதுதான் கண்ணாடி.

தென்காசியில் ஒரு சலூன் மூடிக் கிடந்தது. அந்தக் கடைக் கண்ணாடியை ஹபீபுல்லா பேசி முடித்து லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். ஆள் உயரம், கட்டில் நீளம். மேல் ஓரத்தில் 'ஷேவிங், கட்டிங், ஃபேசியல்' என்று சிவப்பில் எழுதியிருந்ததைச் சுரண்டியதில் ஃபேசியல் மட்டும் போகமாட்டேன் என்றது.

"இத ஜன்னலுக்கு எதிர்ல வச்சம்னா ஹாலு ரெண்டு மடங்கு ஆயிரும் ஏட்டையா. ஷேக்கு வீட்டுல பாலைவனமே உள்ள வந்துட்டு."

ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினார்கள். ஹால் உண்மையாகவே ரெண்டு மடங்கானது. இசக்கியப்பன் இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தார். வள்ளித்தாய் வந்தாள், பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என்ன என்று உற்றுப் பார்த்தார். கண்ணாடிக்குள் லாட்ஜின் முதல் மாடி பால்கனி முழுசாக வந்திருந்தது. கொடியில் ஈர ஜட்டிகள் வரிசையாகத் தொங்கின. அவற்றின் கீழே, குளிக்கப் போகுமுன் எண்ணெய் தேய்க்க வந்த ஒரு பெரிய மனிதர், இடுப்பில் சின்னத் துண்டோடு குப்புறப் படுத்திருந்தார். மசாஜ்காரர் அவர் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டிருந்தார். பெரிய மனிதர் தலையைத் தூக்கினார். கண்ணாடி வழியாக இசக்கியப்பனைப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கையை ஆட்டினார். வேறு வழியில்லாமல் இசக்கியப்பனும் ஆட்டினார்.

"சம்பந்தியம்மா உக்காருத எடத்துக்கு நேரா இவுரா?" என்று உள்ளேயிருந்து வள்ளித்தாயின் குரல் வந்தது.

"பாய், தூக்கும்."

கண்ணாடியை வாசலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றினார்கள். வாசற்கதவைத் திறந்ததும், தெருவில் மேகத்துக்கு இடையே வந்து போகும் கொஞ்சநஞ்ச வெளிச்சமும் கண்ணாடியில் விழுந்து ஹாலெல்லாம் தெறித்தது. இசக்கியப்பன் பேப்பரை எடுத்து, லைட் போடாமல், உள்பக்கத்துச் செய்தி ஒன்றைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"கேட்டியா வள்ளி? லைட்டு இல்லாம வாசிக்கேன்."

"கேட்டேன்" என்றாள் வள்ளித்தாய். அவள் குரலில் முதன்முறையாகக் கேலி இல்லை. அவளுக்கும் மகள் வந்து மடியில் படுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. வாய்தான் அப்படி.

அந்தச் சந்தோஷம் சனிக்கிழமை மத்தியானம் வரை இருந்தது.

தெருவோடு போன குரங்குக் கூட்டத்தின் தலைவன் திறந்த வாசலைத் தற்செயலாகப் பார்த்தது. உள்ளே இன்னொரு குரங்கு நின்று தன்னை முறைப்பதைக் கண்டது. அதற்குப் பின்னால் அந்தக் குரங்குக்கும் ஒரு கூட்டம். ஏட்டையா வீட்டை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று முடிவு பண்ணியது. அருவிக்கரைக் குரங்குகளுக்கு எல்லை விஷயத்தில் விட்டுக்கொடுக்கிற பழக்கம் கிடையாது.

இசக்கியப்பன் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் துண்டோடு ஓடி வந்தபோது ஹாலில் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கரிச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. கரியை மிதித்த குரங்குகள் ஈரச் சுவரில் ஏறின, இறங்கின, மறுபடி ஏறின. ஹபீபுல்லா ஏணியின் உச்சியில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்.

இசக்கியப்பன் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து, சர்வீஸில் ஊதாத ஊது ஊதினார்.

குரங்குகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அவை கேட்டு வளர்ந்த சத்தம் அது. ஆனால் லாட்ஜ் பால்கனியிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்து, "அருவியில தண்ணி கூடிட்டா சார்?" என்று பதறினார்கள். ஐந்தருவிக்குப் போய்க்கொண்டிருந்த வேன் ஒன்று வாசலிலேயே நின்றுவிட்டது.

கடைசியில் தலைவன் பெயின்ட் உருளையை எடுத்து எதிரியின் முகத்தில் வீசியது. கண்ணாடி மூன்றாக விரிசல் விட்டது. ஒரு குரங்கு மூன்று குரங்கானதும் தலைவனுக்கு உதறல் எடுத்தது. கூட்டத்தோடு வெளியே ஓடி, காம்பவுண்டுச் சுவரில் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஒடஞ்ச கண்ணாடி வீட்டுல இருக்கப்படாது" என்றாள் வள்ளித்தாய். "மாசமா இருக்கவ வாரா. தூக்கிப் பின்னால போடுங்க."

போட்டார்கள். ஹால் பழையபடி பத்துக்குப் பத்து ஆனது. சுவரைப் பார்த்தார்கள். வெள்ளைச் சுவரில் கீழிருந்து மேல்வரை கருப்பாகக் குட்டிக் குட்டிக் கைகள். ஈரத்தில் பதிந்தவை, துடைத்தால் இழுவிக்கொண்டு பெரிதாயின.

"இன்னொரு கோட்டு அடிச்சிரலாமா பாய்?"

"பெயின்டு தீந்துட்டு ஏட்டையா. வாங்கி அடிச்சாலும் நாளைக்கு ஈரமா இருக்கும். சம்பந்தியம்மா சாஞ்சாவன்னா சேல வெள்ளையாயிரும்."

போன தடவை காப்பி, இந்தத் தடவை பெயின்ட். இசக்கியப்பன் அந்தக் காட்சியை மனதில் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் கவலப்படாதிய" என்றார் ஹபீபுல்லா. "லைட்டப் போட்டு அடிச்சிருவோம். வெளிச்சம் கண்ணக் கூசிச்சுன்னா செவுத்த யாரு பாக்கப் போறா?"

ஹபீபுல்லா கூரை முழுக்க எல்.இ.டி. பல்புகளாகத் தொங்கவிட்டார். இருந்த பழைய வயரில்தான் எல்லாவற்றையும் கோத்தார். சோபாவையும் டிவி ஸ்டாண்டையும் இசக்கியப்பன் தூக்கிக் கொல்லைப்புறத் தகரத்தின் கீழ் போட்டார். டீப்பாய் அடுத்த வீட்டுக்குப் போனது. மிஞ்சியது நாலு பிளாஸ்டிக் நாற்காலியும், அந்த ஸ்டூலும், அப்பா படமும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் கார் வந்து நின்றது. சாரல் அன்றைக்கென்று சாய்ந்து சாய்ந்து அடித்தது. ஜன்னல்களைச் சாத்தியாக வேண்டியிருந்தது.

"இப்பம் போடும் பாய்" என்றார் இசக்கியப்பன்.

ஹபீபுல்லா எல்லா சுவிட்சையும் சேர்த்துத் தட்டினார்.

ஒரு கணம் ஹால் கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. அந்த ஒரு கணத்தில் சுவரில் இருந்த அத்தனை கைகளும் பளிச்சென்று தெரிந்தன. பிறகு மெயின் சுவிட்ச் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். வயர் தீய்ந்த வாடை. பல்புகள் போயின. டியூப்லைட்டும் போனது. ஃபேன் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

பங்குனியில் இருந்ததைவிட இருட்டாக இருந்தது ஹால். அப்போதாவது டியூப்லைட் இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எவ்வளவோ வெள்ளத்தைப் பார்த்தவர் இசக்கியப்பன். இதைப் பார்க்க அவரால் ஆகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "வாங்க மதினி, வாங்க அண்ணாச்சி, கரண்டு இப்பந்தான்..." என்று ஆரம்பித்தார்.

ஆனந்தவள்ளி உள்ளே வந்தார். நின்றார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"யம்மாடி" என்றார்.

வள்ளித்தாய் அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி செஞ்சிய? இது அந்த ஹாலுதானா?"

"அதேதான் மதினி. மன்னிச்சுக்கிடணும், கொஞ்சம்..."

"எவ்ளோ வெளிச்சம். எவ்ளோ எடம். ஏங்க, பாத்தியளா?" என்று கணவரிடம் திரும்பினார்.

"ம்" என்றார் பாண்டிராஜ்.

இசக்கியப்பன் ஒரு கண்ணைத் திறந்தார். கிண்டல் பண்ணுகிறார்களா என்று அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தார். கிண்டல் இல்லை. முகம் பூரித்துப் போயிருந்தது. அவர் விறுவிறுவென்று நடந்து போய், எதிலும் இடிக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா படத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஒங்க அப்பாவா? மூக்கு அப்பிடியே ஒங்களுக்கு. அடடே, காதுல கடுக்கன்லா போட்டிருக்காவ."

அந்தக் கடுக்கன் மிளகு அளவுதான் இருக்கும். இசக்கியப்பன் தன் அப்பா காதில் அதைப் படத்தில் பார்த்தே வருஷக்கணக்காகிறது.

வள்ளித்தாய் காப்பி கொண்டுவந்தாள். ஆனந்தவள்ளி வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரைச் சரியாக ஸ்டூலின் நடுவில் வைத்தார். "மதினி, ஒங்க கன்னத்துல மச்சம் இருக்கத நான் இத்தன நாளு கவனிக்கவே இல்ல பாத்துக்கிடுங்க. லட்சணமா இருக்கு." வள்ளித்தாய் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. ஏட்டையாகூட.

பிறகு ஆனந்தவள்ளியின் பார்வை சுவரில் நின்றது. இசக்கியப்பனின் மூச்சும் நின்றது.

"இது என்ன, கை கையா?"

ஹபீபுல்லா ஏணியை அணைத்தபடி ஒரு அடி முன்னே வந்தார்.

"டிசைன்மா. துபாயில இப்பம் இதான் ஃபேசன். பச்சப்புள்ள பொறக்கப் போற வீட்டுல, புள்ளைய வரவேக்கதுக்காக, புள்ள கை மாதிரியே பதிச்சு விடுவாவ."

ஆனந்தவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து போய் ஒரு கைத்தடத்தின்மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார். "ரேகைகூடத் தெரியுது. எவ்ளோ பொடிசா. எம் பேரனுக்கு வேண்டி இம்புட்டும் செஞ்சியளா அண்ணாச்சி? நாந்தான் ஒங்கள என்னவெல்லாம் பேசிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி" என்றார் இசக்கியப்பன். அதற்குள் அவர் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"கரண்டு இல்லாமலே இப்பிடி இருக்கு. கரண்டு வந்தா கேக்கவே வேண்டாம்." ஆனந்தவள்ளி அங்கேயே நின்று பெங்களூருக்குப் போன் போட்டார். "ஏட்டி ஸ்வாதி, வளைகாப்பு முடிஞ்ச கையோட நீ அப்பா வீட்டுக்கே போயிரு. ஒங்க அப்பா வீட்ட அரமனையாக்கி வச்சிருக்காவ. நான்தான் வந்து வந்து பாத்துக்கிடப் போறேன்."

இசக்கியப்பன் அடுக்களைக்குள் போனார். வள்ளித்தாய் பின்னாலேயே வந்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எம் புள்ள வாரா வள்ளி."

"வாராள்லா. அழாம காப்பிய எடுத்துக் குடிங்க" என்றாள். அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது. கொஞ்சம் கழித்து, "நல்லாத்தான் செஞ்சிருக்கிய" என்றும் சொன்னாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் அவளிடம் வாங்கிய முதல் சர்டிபிகேட் அது. சந்தோஷம் தாங்காமல் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து மெதுவாக ஒரு ஊது ஊதினார். பால்கனியில் யாரோ, "தண்ணி கூடிட்டா சார்?" என்றார்கள்.

கிளம்பும்போது ஆனந்தவள்ளி ஹபீபுல்லாவைப் பிடித்துக்கொண்டார். "பாய், எங்க வீட்டு ஹாலுக்கும் இந்தக் கை டிசைனு வேணும்."

ஹபீபுல்லா காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். "செஞ்சிரலாம்மா. ஆளுவளக் கடையம் வரைக்கும் கூட்டிட்டு வாரதுதான் கஷ்டம்."

அந்த அம்மாள் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். இசக்கியப்பன் பாண்டிராஜுக்குக் குடை பிடித்து மறுபக்கக் கதவு வரை கூடவே போனார். அவர் நடையே மாறியிருந்தது. இன்றைக்கு அருவிக்கரையில் நிறுத்தினால் விசில் இல்லாமலே கூட்டத்தை ஒதுக்கியிருப்பார்.

"பாத்தியள்லா அண்ணாச்சி? வெளிச்சங்கது பல்புல இல்ல, ஒரு வீட்ட எப்பிடி அமைக்கோம்ங்கதுல இருக்கு. ராத்திரி பகல் பாக்காம ஒழச்சோம். மதினிக்கே வீடு அடையாளம் தெரியலன்னா பாத்துக்கிடுங்களேன்."

பாண்டிராஜ் காருக்குள் ஒருமுறை குனிந்து பார்த்தார். கண்ணாடி ஏறித்தான் இருந்தது. பிறகு, அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தியான நாளிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அவளுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்து ஒரு மாசந்தான் ஆவுது அண்ணாச்சி, மருமவளுக்குத் தெரிஞ்சா மதிக்க மாட்டான்னு யாருட்டயும் மூச்சு விடல, நேத்துகூட எங்க வீட்டையே சுத்திச் சுத்திப் பாத்துட்டு, 'ஏங்க, இவ்ளோ பெரிய வீட்டுலயா நாம இத்தன வருசம் இருந்தோம்'னு கேக்கா."